இழுக்கவும் வேண்டும், உட்காரவும் வேண்டும்

பழைய வண்டி விற்கிறவனிடம் யாரும் ஒரு வண்டி கேட்பதில்லை, ஒரே வண்டிக்குள் இரண்டு வண்டி கேட்பார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கெடு

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லைப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். சித்தூரில் ஒரு தெலுங்குக்கார முதலாளியின் கொட்டகையில் எனக்கு விற்பனை வேலை. யுத்தத்துக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட, பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டி ஒன்று ஐந்து மாதமாக அங்கே நின்றது. இந்த வேலையும் போனால் மாமனார் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அதைவிட அந்தப் பிக்கப்புக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம். முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது, கெடு வைத்துவிட்டார்.

"ஆடி பொறந்தா ஒருத்தனும் புது சாமான் வாங்கமாட்டான். அதுக்குள்ள வித்துடு. இல்லேன்னா வண்டி நிக்கட்டும், நீ போ பாபு."

மாடு பார்த்தல்

எல்லையோரத்துக் குடிபாலாவிலிருந்து கோவிந்தசாமி வந்தார். கரும்பு விவசாயி. டிரெய்லரில் வெல்லம் இழுக்கவேண்டும், மற்ற நாளில் குடும்பத்தோடு போய்வரவேண்டும். துணைக்கு மச்சானை அழைத்துவந்திருந்தார். மச்சான் மாட்டுத் தரகர்.

சந்தையில் மாட்டின் பலத்தைப் பார்க்க, பாரவண்டியின் சக்கரங்களைச் சங்கிலியால் கட்டிவிட்டு இழுக்கச் சொல்வார்கள். மச்சான் அதையே செய்தார். கரும்பு ஏற்றிய மாட்டுவண்டியின் சக்கரங்களைக் கட்டி, அதன் முன்மரமான ஏர்க்காலைப் பிக்கப்பின் கொக்கியில் மாட்டினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பிக்கப் புறப்பட்டது. ஏர்க்கால் பிய்த்துக்கொண்டு கூடவே வந்தது. கரும்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

மச்சான் ஏர்க்காலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாடா இருந்தா இந்நேரம் நின்னுக்கினு நம்மளத் திரும்பிப் பாத்திருக்கும். பலம் கீது மாமா, புத்திதான் இல்ல."

அம்மா உட்கார்ந்து பார்த்தார்

மறுநாள் கோவிந்தசாமியின் மனைவி கன்னியம்மா வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். காட்பாடி ரோட்டில் ஒரு மைல் போய்த் திரும்பினோம். அடியில் இருப்பது பாரத்துக்கென்று போட்ட பட்டை ஸ்பிரிங், காலி வண்டி பந்து மாதிரி குதித்தது. இறங்கியதும் அம்மா சிறிது நேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உண்மையைச் சொன்னேன்: பின்னால் பாரம் இருந்தால் தூக்கிப்போடாது. தொழிலில் உண்மை சொல்வது எவ்வளவு பெரிய தப்பு என்று அம்மா கேட்டபோதுதான் தெரிந்தது.

"அப்போ திருப்பதிக்குப் போவணும்னா பத்து மூட்ட வெல்லத்த ஏத்திக்கினுதான் சாமி கும்பிடணுமா?"

எல்லை

கோவிந்தசாமிக்கு வேறு கவலையும் இருந்தது. நாளைக்கே எல்லையை மாற்றிவிட்டால் அவர் ஊர் எந்தப் பக்கம் போகும், வண்டியை எந்தப் பக்கம் பதியவேண்டும்? எனக்கு மட்டும் என்ன தெரியும்? முதலாளியைப் பார்த்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"எல்ல எங்க போனா ஏமி? ரோட்டுல குழி அங்கயேதான் இருக்கும்."

ஆடிக்கு முந்தின நாள்

கடைசி முயற்சியாக, கோவிந்தசாமி குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய்வரட்டும் என்று வண்டியை டிரைவரோடு அனுப்பினேன். அன்று பூராவும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனாரின் முகம் வந்து வந்து போனது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி திரும்பியது. பின்னால் பார்த்தேன்: மச்சான், அவர் சம்சாரம், நாத்தனார்கள், சித்தப்பா, ஒரு கூட்டமே மொட்டையும் லட்டுமாக உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பேரை ஏற்றினால் வண்டி என்னத்துக்கு ஆகும் என்று ஓடிப்போய்ச் சக்கரங்களைக் குனிந்து பார்த்தேன்.

கன்னியம்மா முன்சீட்டிலிருந்து நிதானமாக இறங்கினார். இடுப்பைப் பிடிக்கவில்லை. புருஷனிடம், "வாங்கிடு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"துளிகூட தூக்கிப் போடல. இத்தினி சொந்தக்காரங்கள சாமி எதுக்குக் குடுத்துச்சின்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது."

அன்றிலிருந்து, வண்டி கேட்டு வருகிறவர்களிடம் என்ன பாரம் இழுக்கவேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், உறவுக்காரர்களோடு பேச்சுவார்த்தை உண்டா என்று விசாரித்துக்கொள்கிறேன்.