பச்சை டிக்

ஜம்புநாதனை ஆபீஸில் யாருக்கும் பிடிக்காது; அவருக்கும் யாரையும் பிடிக்காது. மராட்டி ஊரான ஹிஞ்சேவாடியில், தகவல்களை நகலெடுத்து வைக்கும் பேக்கப் மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனி. எந்த நகல் எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கேட்டலாகின் டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. அதில் ஒரு கட்டம் கூட்டவோ குறைக்கவோ அவர் தலையசைக்க வேண்டும். இளசுகள் எழுதி வருவதை எல்லார் முன்னாலும் கிழிகிழியென்று கிழிப்பார்.

கடைசியில் சறுக்கியது அவரேதான். 'நகல் சரிபார்க்கப்பட்டதா' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். பழைய நகல்களை யாரும் சரிபார்த்ததே இல்லை. அவற்றுக்கு 'இல்லை' என்று போட்டால் வாடிக்கையாளர்களின் திரையெல்லாம் சிவப்பாகும், போன் மேல் போன் வரும். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று போட்டு, திரையில் பச்சை டிக் விழவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அதே ஊரில் ஏரவாடா பக்கம், இந்த மென்பொருளை வாங்கியிருந்த ஒரு கண் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் தீபா. டிஸ்க் நிறைந்துவிட்டது, பழைய ஸ்கேன்களை அழிக்கலாமா என்று ஜம்புநாதனிடம் போனில் கேட்டாள். தமிழ்ப் பெண் என்றதும் இந்த மனிதருக்குக்கூடக் குரல் இளகியது.

"பச்சை டிக் இருக்கில்ல? தைரியமா அழிச்சிடும்மா."

அழித்தாள். பிறகு நகல்களைத் திறந்தால் பாதிக்குமேல் ஒன்றுமே இல்லை. நோயாளிகளின் ஸ்கேன்கள் போயே போய்விட்டன.

வீடியோவில் விசாரணை. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும் தீபாவும். இந்தப் பக்கம் ஜம்புநாதனும் அவருடைய மேனேஜர் பரஞ்சபேயும். உண்மை வெளிவந்தால் இந்த வயதில் இவரை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்? நகலைத் திறந்து பார்க்காமல் மூலத்தை அழித்தது முழுக்க ஆஸ்பத்திரிக்காரர்கள் தவறு என்று வெட்கமே இல்லாமல் ஆங்கிலத்தில் விளக்கினார்.

தீபாவுக்கு அந்த நேரத்தில் ஆங்கிலமும் வரவில்லை, இந்தியும் வரவில்லை.

"நீங்கதானே அங்கிள் அழிக்கச் சொன்னீங்க? சொல்லுங்க அங்கிள், எனக்கு வேலை போயிடும்."

ஜம்புநாதன் மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கினார். அழுகை முட்ட அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவள் உங்கள் மொழியில் என்ன சொன்னாள் என்று டாக்டர் கேட்டார். பரஞ்சபேயும் திரும்பிப் பார்த்தார்.

ஜம்புநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தப்பு தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொள்கிறாள், மன்னிப்புக் கேட்கிறாள் என்று மொழிபெயர்த்தார்.

அப்படியென்றால் அவளை அனுப்பிவிடுவதைத் தவிர வழியில்லை என்றார் டாக்டர்.

பாவம், சின்னப் பெண் என்றார் ஜம்புநாதன்.