நாற்பத்தொன்றாம் பெயர்

பள்ளி விட்டு வந்தபோது மேசையில் கணினியின் அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் தூசியில்லாமல் இருந்தது. எனக்குப் பத்து வயது. ஜெலுத்தோங் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் குடியிருந்தோம். பூட்டை நெம்பி உள்ளே வந்தவன் தொலைக்காட்சியைத் தொடவில்லை, வெள்ளி விளக்கையும் தொடவில்லை. அப்பா கணினிக்காக வருந்தினார். எங்களோடு இருந்த பெரியம்மாவோ, “பெட்டி போனா போவுது, உள்ள இருந்தது போச்சே” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இருந்தது கல்யாணப் பட்டியல். பெரியம்மா வரன் பார்த்துக் கொடுப்பவர். அவருடைய நோட்டிலிருந்த எழுபத்து மூன்று பேரையும் கணினியில் ஏற்றியவள் நான். பெயர், வேலை, நட்சத்திரம் என்று வரிசையாகப் போகும். கடைசிக் கட்டத்தில் பெரியம்மாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இருக்கும். “டைப் மட்டும் பண்ணு, படிக்காத” என்பார். படிக்காமல் எப்படி டைப் செய்வது என்று எனக்கு விளங்கியதில்லை. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தோம். திரையோடு அதுவும் போய்விட்டது.

விவரம் கொடுத்தவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் முறை என்று பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். எல்லாம் கணினியில் ஏறிவிட்டது என்று நோட்டை அவர் முன்பே கிழித்துப் போட்டிருந்தார். பட்டியல் வரிசை தப்பாமல் என் நினைவில் இருந்ததால் என்னையும் கூட்டிப் போனார். பேருந்தில் நான் பெயர்களை ஒப்பிக்க ஒப்பிக்க, “இவ இருக்கும்போது கம்ப்யூட்டர் எதுக்கு லா?” என்று மெச்சினார்.

முதலில் போனது கெலுகோரில் ஓர் அக்கா வீடு. அவருக்கு அடுத்த மாதம் கல்யாணம். நாங்கள் போன நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா முகூர்த்தப் புடவையோடு வந்து உட்கார்ந்திருந்தார். திருட்டுச் செய்தி எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

“களவு போன கம்ப்யூட்டர்ல நம்ம பொண்ணு விவரமும் இருந்துச்சாங்க?” என்று அவர் கேட்டார்.

“இல்லங்க. இவங்களோடத நான் ஏத்தவே இல்ல” என்றார் பெரியம்மா.

பெரியம்மா தப்பாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“இருந்துச்சு பெரியம்மா! நாப்பத்தொண்ணாவது. கொடுத்தது பூராடம், உண்மையில மூலம்.”

அக்கா என்னையே பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மூலமா? எங்க வீட்டுக்காரருக்கு இப்பத்தானே நெஞ்சுல ஆப்பரேஷன் முடிஞ்சுது” என்றார். பிறகு புடவையை மடித்துப் பைக்குள் வைத்தார். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்ற பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை.

திரும்பும் பேருந்தில் பெரியம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் எழுபத்திரண்டு பேர் பாக்கி, அடுத்தது யார் வீடு என்று கேட்டேன். “போதும் பாப்பா” என்றார்.

அடுத்த மாதம் அந்தக் கல்யாணத்துக்குப் பெரியம்மா போகவில்லை. யாருமே போகவில்லை. திருடன் கணினியைத் திறந்து பார்த்தானா என்பது இன்றுவரை தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. போன விவரங்களில் ஒன்றையாவது ஒரு சொல் பிசகாமல் நான் மீட்டுக் கொடுத்தும், யாரும் ஏன் சந்தோஷப்படவில்லை என்று அதில் எழுதி வைத்திருக்கிறேன்.