விருந்தாளி பெஞ்சு

அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அக்காவைத் தெரியாதவர் கிடையாது. அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. மணி அடிக்கிற வேலை தலையில் விழுந்த பிறகு அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. மணி அடிப்பதோடு வேலை முடிந்துவிடுமா? காலையில் எல்லா வகுப்பறைகளையும் பெருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வேண்டும், ஆசிரியர் அறைக்கு டீ கொண்டுபோக வேண்டும், சின்ன வகுப்பில் யாராவது வாந்தி எடுத்தால் மண்ணை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். எல்லாவற்றையும் முணுமுணுத்துக்கொண்டே செய்வாள். வாயை மூடிக்கொண்டு வேலை செய்தால் அதை வேலையென்றே யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்பது அவள் கட்சி.

அவளுக்கு ஒரே மகள், ஆறாம் வகுப்பு. லாரி ஓட்டுகிற அப்பா வைத்த செல்லப்பெயர் வாயாடி. பொருத்தம் பார்த்து வைத்த பெயர்தான். மழை ஏன் சாய்வாகப் பெய்கிறது, பூட்டுக்குத் தன்னுடைய சாவி எது என்று எப்படித் தெரிகிறது, லாரிக்கு முதுகு வலிக்குமா என்று நாள் முழுக்கத் தொணதொணக்கும். ஒன்றுக்கும் மணி அக்காவுக்குப் பதில் தெரியாது. “போய் உங்க டீச்சரைக் கேளு” என்று தள்ளிவிடுவாள். வெளியில் சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் பெருமை தாங்காது. தான் படித்த காலத்தில் வகுப்பில் வாயே திறந்ததில்லை, அதனால்தான் கைக்குத் துடைப்பம் வந்தது என்பது அவள் போட்ட கணக்கு. கேட்கத் தெரிந்த பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினாள்.

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவரைத் தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். கை நீட்ட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். அவர் வகுப்பில் பிரம்பு என்ற பேச்சே இல்லை. டீ கொடுத்தால் நன்றி சொல்கிற ஒரே ஆசிரியர் அவர்தான். மணி அக்காவே அவரைப் பத்துப் பேரிடம் மெச்சியிருக்கிறாள். அந்த வாயை இனிமேல் எந்தத் தண்ணீரில் கொப்பளிப்பது?

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது தப்பாக விடை சொன்னால் முகமெல்லாம் மலர இரண்டு கையையும் கூப்புவார். நம் வகுப்புக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறார் என்பார். உடனே வகுப்பு முழுக்க எழுந்து நின்று, ராகம் போட்டு வணக்கம் சொல்ல வேண்டும். விருந்தாளி கடைசி பெஞ்சுக்குப் போய், தன் முறைக்குக் கேள்வி வந்து சரியான விடை சொல்கிறவரை அங்கேயே இருக்க வேண்டும். அதற்குப் பெயரே விருந்தாளி பெஞ்சு. அங்கே உட்கார்ந்தால் நோட்டில் கணக்குப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை யாராவது வேலை வாங்குவார்களா? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அது இதுதான்.

அரையும் காலும் கூட்டினால் எவ்வளவு என்று ஒருநாள் வாயாடியைக் கேட்டார். மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி, ஆறில் இரண்டு என்றாள். அதோடு நின்றாளா? “ஆனா சார், கூட்டினதுக்கப்புறம் அரையைவிடக் கம்மியா வருதே, அது எப்படி?” என்றும் கேட்டுவிட்டாள். தப்பு விடைதான். ஆனால் கேள்வியைப் பாருங்கள்! அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே அன்றைய பாடத்தை முடித்திருக்கலாம்.

அவர் கையைக் கூப்பினார். “வாங்க வாங்க. வழி தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டீங்களா? பின்னாடி சௌகரியமா உக்காருங்க. டீ சாப்பிடுறீங்களா?”

நாற்பது பிள்ளைகளும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். முந்தின நாள்வரை வாயாடியும் அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான்.

அதோடு வீட்டில் சத்தம் அடங்கிவிட்டது. கணக்கு வகுப்பு இருக்கிற காலைகளில் கிளம்பவே மறுத்தாள், மணி அக்கா துருவிக் கேட்டபிறகுதான் வணக்கக் கதை வெளியே வந்தது. விடை தெரிந்தாலும் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டாள். தெரியாது என்பவர்களை அவர் உட்காரச் சொல்லிவிடுவார், தப்பாகச் சொன்னால்தானே வணக்கம்? இவள் மட்டுமில்லை, வகுப்பே அப்படித்தான் ஆகிவிட்டது. புரிந்ததா என்று அவர் கேட்டால் நாற்பது பேரும் ஒரே குரலில் புரிந்தது என்பார்கள். புரியாதவர்கள்தான் அதிக சத்தமாகச் சொன்னார்கள். குண்டூசி விழுந்தால் கேட்கும் அந்த வகுப்பைக் காட்டி, ஒழுக்கமென்றால் இதுதான் என்று தலைமையாசிரியையான பெரிய டீச்சர் மற்ற ஆசிரியர்களுக்குப் புத்தி சொன்னார்.

ஒருநாள் மணி அக்கா தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே கேள்வி ஒவ்வொரு பிள்ளையாகத் தாண்டி மகளை நோக்கி வருவது ஜன்னல் வழியாகக் கேட்டது. திடீரென்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மணியை அடித்துவிட்டாள். நேரமாவதற்கு முன்பே பள்ளிக்கூடம் மொத்தமும் வெளியே வந்து திருதிருவென்று விழித்தது. கண்ணில் தூசி விழுந்து கடிகாரம் சரியாகத் தெரியவில்லை என்று பெரிய டீச்சரிடம் பொய் சொன்னாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

புருஷனிடம் போனில் சொல்லி அழுதாள். எங்கேயோ வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசிய அந்த மனுஷன், வாத்தியார் மரியாதையாகத்தானே பேசியிருக்கிறார், அதற்கு எதற்கு ஒப்பாரி என்றான். தன் வாத்தியார் பேசிய பேச்சைக் கேட்டால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள் என்றும் சொன்னான். வேறு வழியில்லாமல் பெரிய டீச்சரிடமே போய் நின்றாள்.

“அடிச்சாரா?”

“இல்லீங்க டீச்சர்.”

“திட்டினாரா?”

“இல்லீங்க. வணக்கம் சொன்னாரு.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது புகார் மாதிரித் தெரியவில்லை. பெரிய டீச்சர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, கேட்ட யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

கடைசியில் ஒருநாள், ஆசிரியர் அறையில் கணக்கு சார் தனியாக இருந்த நேரம், டீயை வைத்துவிட்டு மணி அக்கா நகராமல் நின்றாள். என்னம்மா என்றார்.

“சார், எம்பொண்ண வேணும்னா நாலு அடி அடிச்சிருங்க. வணக்கம் மட்டும் வேணாம் சார்.”

அவர் ஆடிப்போனார். சின்ன வயதில் பிரம்படி பட்டு விரல் வீங்கியவர் அவர். தன் வகுப்பில் ஒரு பிள்ளையும் பயப்படக் கூடாது, சிரித்துக்கொண்டே படிக்க வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்ததாகச் சொன்னார். இனிமேல் உங்கள் பெண்ணை அப்படிச் சொல்லவே மாட்டேன், இது சத்தியம் என்றார். மணி அக்கா கும்பிட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் முணுமுணுக்காமலேயே பாத்திரம் கழுவினாள். ‘உங்கள் பெண்ணை’ என்று அவர் சொன்னதில் மற்ற பிள்ளைகள் யாரும் இல்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் அவர் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார்: இந்தப் பெண்ணின் அம்மா மனசு சங்கடப்படுகிறார், ஆகவே இவளை இனி யாரும் விருந்தாளி என்று கூப்பிடக் கூடாது, நானும் இவளைக் கேள்வி கேட்க மாட்டேன். வாயாடி மூன்றாம் பெஞ்சுக்குத் திரும்பினாள். கேள்வி வரிசையாக வரும், அவள் இடம் வந்ததும் தாண்டிக்கொண்டு போகும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

“நீ ஏம்மா போய்ச் சொன்ன? அங்க பின்னாடி என்கூட நாலு பேராவது இருந்தாங்க” என்றாள் மகள்.

மணி அக்காவால் திரும்பப் போய்க் கேட்கவும் முடியாது. அந்த மனிதர் கொடுத்த வாக்கை அல்லவா காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

ஒரு விடுமுறை நாளில் வாயாடி பழைய செய்தித்தாளை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. பிறகு கிழித்துத் தரையில் பரப்பினாள். “அம்மா, துண்டெல்லாம் ஒரே அளவா இருந்தாத்தான் எண்ண முடியும். அதான் எனக்குத் தப்பா வந்துச்சு” என்றாள். அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் மகள் பேசினாளே! குப்பையைப் பெருக்காமல் அப்படியே விட்டுவைத்தாள்.

அடுத்த கணக்கு வகுப்பின்போது மணி அக்காவின் துடைப்பம் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. பாதியும் எட்டில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று உள்ளே கணக்கு சார் கேட்டார். யாரும் அசையவில்லை. மூன்றாம் பெஞ்சில் ஒரு கை மட்டும் உயர்ந்தது.

அவர் பார்த்தார். அன்பாகத்தான் சிரித்தார். “கையை இறக்கிக்கம்மா. உங்கம்மாகிட்ட நான் வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“சார், எனக்குத் தெரியும் சார்.”

“பரவாயில்லம்மா, உக்காரு.”

கேள்வி பக்கத்துப் பையனுக்குப் போனது. அவன் பத்தில் இரண்டு என்றான். அவர் முகம் மலரக் கையைக் கூப்பினார். பெஞ்சுகள் கிரீச்சிட வகுப்பு எழுந்து நின்றது. வாயாடியும் எழுந்தாள். அத்தனை குரலுக்கு நடுவிலும் பெற்றவளுக்குத் தன் மகளின் குரல் தனியாகக் கேட்டது. எல்லாரையும்விட உரக்க வணக்கம் சொன்னது அவள்தான்.