தெருவுக்கெல்லாம் ஒரே நம்பர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பொங்கல் முடிந்ததும் திருச்சிக்காரர்களின் மளிகைக் கடையில் காகித பில்லை நிறுத்தினார்கள். இனிமேல் பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள்.
2. மாசியில் மதுரைக்காரர்களின் கடை திறந்தது. வாசலில் வாழைமரம் கட்டி, முதல் நாள் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள்.
3. சித்திரையில் கோயில் கூட்டத்தில் என் அம்மா எழுந்து நின்று, ஆடிக் கூழுக்கு இந்த வருஷம் தலைக்கட்டு வரி வேண்டாம், எல்லாவற்றையும் தெரு நம்பர் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னாள்.
4. வைகாசிக்குள் தெருவில் பாதி வீடுகள் திருச்சிக்காரர் கடைக்குப் போவதை விட்டுவிட்டன.
5. போனவர்களைத் திரும்ப இழுக்க, இரண்டு கடைகளையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டுத் தரும்படி அம்மா என்னிடம் கேட்டாள்.
6. அட்டவணை அம்மாவின் கட்சிக்கு எதிராக வந்தது. அதைப் படிக்காமலே அவள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருப்பது திருக்கோகர்ணத்தில். திருச்சிக்காரர் கடை இங்கே வந்த புதிதில், பில் போடும் பெண் ஒவ்வொருவரிடமும் மொபைல் நம்பர் கேட்பாள். வாங்குகிற சாமானுக்குப் புள்ளிகள் சேரும், சேர்ந்த புள்ளிகளுக்கு அதே கடையில் சாமான் வாங்கிக்கொள்ளலாம். எதிர்வீட்டு அத்தைக்குத் தன் நம்பரை வெளியாளிடம் கொடுக்க மனமில்லை. கண்டவர்களும் போன் போட்டு லோன் வேணுமா என்று கேட்பார்களாம். அதனால் என் அம்மாவின் நம்பரைச் சொல்லிவிட்டு வந்தாள். அம்மாவின் நம்பரில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும், சொல்லச் சுலபம். ஆடிக்குள் தெருவே அந்த நம்பரைச் சொல்லப் பழகியிருந்தது. சேர்ந்த புள்ளிகளில் முதல் வருஷம் மாரியம்மன் கோயிலுக்கு எண்ணெய் வாங்கினார்கள், மறுவருஷம் பொங்கல் வைக்க வெல்லமும் அரிசியும். அதற்குப் பிறகுதான் அதற்குத் தெரு நம்பர் என்று பெயர் வந்தது.

ஆடிக் கூழ் என்பது எங்கள் தெருவில் சின்ன விஷயம் இல்லை. வழக்கமாகத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்து, வீடு வீடாகப் போய் வசூலிப்பார்கள். கேட்கப் போகிறவருக்கும் சங்கடம், கொடுக்கிறவருக்கும் சங்கடம். அந்தச் சங்கடத்தைத் தீர்க்கிறேன் என்று அம்மா கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டாள். கேப்பை மாவு, சின்ன வெங்காயம், தயிர் எல்லாம் தெரு நம்பரிலிருந்து. பூசாரி திருநீறு கொடுத்து, "ஆத்தா காதுல விழுந்துருச்சு, இனிமே பின்வாங்க முடியாது" என்று சிரித்தார்.

புள்ளிகள் நின்றுபோனால் ஆடியில் அம்மா சட்டி ஏந்திக்கொண்டு வீடு வீடாக நிற்க வேண்டியதுதான்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். ஒரு மென்பொருள் எழுதியவர்கள் நினைத்தபடி நடக்கிறதா, எங்கே உடைகிறது என்று பார்ப்பது என் வேலை. வாரத்தில் மூன்று நாள் திருச்சிக்குப் பஸ், மற்ற நாட்களில் மாடி அறையில் லேப்டாப். கீரனூரில் பஸ் நிற்கும்போது அதே திருச்சிக்காரர் கடையின் அதே பச்சைப் பலகை ஜன்னலுக்கு வெளியே தெரியும். ஓர் ஊர்க் கடை மூன்று ஊர்க் கடையாகி, பத்து ஊர்க் கடையாக வளர்ந்த பிறகும் தெருக்காரர்கள் அதை ஒரு தனி ஆளைப் போலத்தான் பேசுவார்கள். "திருச்சிக்காரன் பருப்புல கல் இருக்காது." "மதுரைக்காரன் சிரிச்சுச் சிரிச்சே தலையில கட்டிருவான்." இரண்டு கடைகளுக்கும் பலகையில் வேறு பெயர்கள் இருக்கின்றன. அவற்றை நான் யார் வாயிலும் கேட்டதில்லை.

அட்டவணையை நேர்மையாகத்தான் போட்டேன். துவரம்பருப்பிலிருந்து துணி சோப்பு வரை, வீட்டில் மாதாமாதம் வாங்குகிற எல்லாவற்றையும் இரண்டு கடைகளிலும் ஒரே நாளில் விலை பார்த்தேன். விலையோடு நிறுத்தவில்லை. வண்டி நிறுத்த நிழல் உண்டா, புளித்த தயிரை முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்களா, பில் போட எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருகிறார்களா என்றெல்லாம் குறித்தேன். திருச்சிக்காரர் கடையில் எது எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கடை திறந்த நாளிலிருந்து அப்பளம் அதே தட்டில் இருக்கிறது. மதுரைக்காரர் கடையில் ஏசி குளிரும், இஞ்சி புதுசாக இருக்கும். ஆனால் வாரத்துக்கொரு தடவை எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுவார்கள். கடுகைத் தேடிப் போனால் கண்ணாடி டம்ளர் இருக்கும். டம்ளரை வாங்கிக்கொண்டு கடுகை மறந்து வருவோம். அதற்காகத்தான் மாற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் என் அறையில் நான்கு டம்ளர்கள் இருக்கின்றன.

மொத்தத்தில் மதுரைக்காரர் கடை மலிவு. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் மலிவு.

குரூப்பில் போட்ட பிறகுதான் அம்மா அதைத் திறந்து பார்த்தாள்.

"ஏண்டி, நீ யாரு பக்கம்?"

"யாரு பக்கமும் இல்லம்மா. வெலை அப்படிச் சொல்லுது."

"வெலை சொல்லும். சொல்றதெல்லாம் எழுதிருவியா?"

அப்பா பேப்பரை இறக்காமலே, "படிக்காம எதையும் அனுப்பாதீங்கன்னு எனக்குத்தான் புத்தி சொல்லுவா" என்றார். அம்மா அவருடைய காபியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வெளியே போனாள்.

மிச்சமிருக்கிற வீடுகளும் இனி மதுரைக்காரர் பக்கம் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். நடக்கவில்லை. போனவர்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள். போகாதவர்கள் என் அட்டவணைக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, மறுநாளும் திருச்சிக்காரர் கடையிலேயே எண்ணெய் வாங்கினார்கள். வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்தால் நான் ஒன்றைத்தான் நினைப்பேன்: காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மதுரைக்காரர் கடைக்குப் போனேன். விலைகள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கத்தான். பில் வரிசையில் எனக்கு முன்னால் எதிர்வீட்டு அத்தை, கூடை நிறையச் சாமானுடன்.

"அடி ஆத்தா, நீயா! வேவு பாக்க ஒங்கம்மா அனுப்பிச்சாளா?"

"இல்லத்தை. வெலை சரியா எழுதியிருக்கேனான்னு பாக்க வந்தேன்."

"எனக்கு எதுக்குடி வெலை? அங்கிட்டுப் பருப்பு வாங்குனா, வீட்டுக்கு வர்றதுக்குள்ள பருப்பு வெந்துருச்சான்னு கேக்குறா ஒங்கம்மா."

எனக்குப் புரியவில்லை. அத்தை கூடையைத் தரையில் வைத்துவிட்டு விவரமாகச் சொன்னாள். பில் காகிதத்தில் வந்தவரை ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்புக்கு மாறியதிலிருந்து, தெருவில் யார் என்ன வாங்கினாலும் பில் முழுசாக அம்மாவின் போனுக்குப் போகிறது. நம்பர் அம்மாவுடையது அல்லவா.

"போன மாசம் ரவையும் நெய்யும் முந்திரியும் வாங்குனேன். பை இன்னும் கையிலதான் இருக்கு, ஒங்கம்மா வாசல்ல நிக்கிறா. 'மதினி, பொண்ணு பாக்க வாராங்களா?'ங்குறா. தண்ணி லாரிக்கு நின்ன நாலு பேரும் திரும்பிப் பாக்குறாங்க. முடியாத சேதிய இப்படியா கேப்பாக? கண்ணு பட்டுராதா?"

"ஆசையிலதான் அத்தை கேட்டிருப்பாங்க."

"ஆசைதான். அந்த ஆசைக்கு ஒரு கொறையுமில்ல. 'ஒரு கிலோ ரவைக்கு இந்த நெய் பத்தாதே மதினி'ன்னாளே, அதுக்குத்தான் எனக்குக் கோவம்."

பில் போடும் பெண் சிரித்துவிட்டாள். அத்தைக்கும் சிரிப்பு வந்தது. கடைசி வீட்டுக்காரர்கள் சர்க்கரை வாங்குவதை நிறுத்திய மறுநாள், "அண்ணனுக்குச் சுகர் வந்துருச்சா?" என்று அம்மா கோயிலில் விசாரித்ததையும் சொன்னாள். யாரும் அம்மாவிடம் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் கூழுக்கு அடுப்பு மூட்டும்போது முகம் பார்க்க முடியாது. ஆகவே சத்தம் இல்லாமல் கடையை மாற்றிக்கொண்டார்கள்.

என் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன். முதலில் கோபம்.

"நான் என்ன திருட்டுத்தனமாப் பாத்தேன்? அவனா அனுப்புறான். போன் டிங்குங்குது, பாக்குறேன்."

"பாத்ததைக் கேக்காம இருந்திருக்கலாம்ல."

"தெரிஞ்சும் கேக்காம போனா, 'இவளுக்கு அக்கறையே இல்ல'ம்பாளுக."

அப்பாவின் தட்டில் ரசத்தை ஊற்றினாள். பிறகு, "இனிமே பாக்க மாட்டேன்னு சொன்னா நம்புவாளுகளா?" என்று கேட்டாள்.

"நானே நம்ப மாட்டேன்" என்றார் அப்பா.

திருச்சிக்காரர் கடை மேனேஜரிடம் போய், புள்ளிகள் ஒரு நம்பருக்கும் பில் இன்னொரு நம்பருக்கும் போக வழி உண்டா என்று கேட்டேன். இல்லை. பில்லே போகாமல் நிறுத்தலாமா? அதுவும் இல்லை, சிஸ்டம் அப்படி என்றார். வாங்குகிறவரும் நம்பருக்கு உரியவரும் ஒரே ஆள் என்று யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் வைத்துச் சோதித்திருந்தால் முதல் நாளே உடைந்திருக்கும். கணக்கையே புள்ளிகளோடு சேர்த்து வேறு நம்பருக்கு மாற்றலாம், அது மட்டும்தான் முடியும் என்றார் மேனேஜர்.

யாருடைய நம்பருக்கு என்பதுதான் கேள்வி. அம்மாவே எதிர்வீட்டுக்குப் போய் அத்தையை அழைத்து வந்தாள். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து தெருவில் உள்ள பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளினார்கள். ஒருத்தி மறந்துவிடுவாள். ஒருத்தி பில்லைப் பார்த்து, இதற்கு ஏன் இவ்வளவு கொடுத்தாய் என்பாள். இன்னொருத்தியின் பெயர் வந்ததும் அத்தை, "அவளா? அதுக்கு மதினி நீங்களே தேவலாம்" என்றாள். அம்மாவுக்கு அதில் ஒரு திருப்தி இருந்ததைப் பார்த்தேன்.

கடைசியில் பூசாரி. அவரிடம் இருப்பது பட்டன் போன். அதில் வாட்ஸ்அப் கிடையாது, மெசேஜ் வந்தாலும் திறக்க மாட்டார். கோயிலுக்குப் போய்க் கேட்டோம்.

"எனக்கு என்ன வரும்?" என்றார்.

"ஒண்ணும் வராது மாமா."

"அப்பச் சரி."

மாற்றுவதற்கு ஓடிபி அம்மாவின் போனுக்குத்தான் வரும். கடையில் பில் மேசைக்கு முன்னால் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கடைசி எண்ணைச் சொல்வதற்கு முன் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

புது நம்பர் யார் வாயிலும் ஒட்டவில்லை. இரண்டு வாரம் எல்லோரும் பழக்கத்தில் அம்மாவின் நம்பரையே சொல்லி, பில் போடும் பெண் "புது மெம்பராக்கா?" என்று கேட்க, ஓடிப்போய்க் கோயில் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துவந்தார்கள். இப்போது எல்லோர் போனிலும் அது மாரியாத்தா என்ற பெயரில் இருக்கிறது.

போன வீடுகளில் முக்கால்வாசி திரும்பின. இருந்தும் நடுவில் போன மாதங்கள் போனவைதான். ஆடியில் புள்ளிகளைப் பார்த்தபோது கேப்பை மாவுக்கும் தயிருக்கும் சரியாக இருந்தது. வெங்காயத்துக்கு இல்லை. அம்மா கைப்பையைத் தேடினாள். அதற்குள் அத்தை ஒரு பை சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து அண்டாவுக்குப் பக்கத்தில் இறக்கினாள். மதுரைக்காரர் கடைப் பை.

"வரி இல்ல மதினி. வெங்காயம்."

அம்மா பையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். என்ன விலை என்று கேட்கப்போகிறாள் என்றே நினைத்தேன். "உரிக்க ஆள் வேணும், ஒக்காருங்க" என்றாள்.

தெரு முழுக்க வந்து கூழ் குடித்தது. யார் வீட்டிலும் வரி கேட்கவில்லை.

இப்போதைய நிலவரம்: தெருவில் பெரும்பாலான வீடுகள் திருச்சிக்காரர் கடைக்குப் போகின்றன. அத்தை பருப்பை அங்கேயும், சோப்பையும் எண்ணெயையும் மதுரைக்காரரிடமும் வாங்குகிறாள். அம்மாவும் சனிக்கிழமைகளில் மதுரைக்காரர் கடைக்குப் போகிறாள். அங்கே தன் சொந்த நம்பரைக் கொடுத்திருக்கிறாள், தன் பில் மட்டும் வருகிறது. அடுத்த வருஷம் தலைக்கட்டு வரி உண்டா என்று யாரும் இன்னும் பேச்செடுக்கவில்லை.