இரண்டு வேன்கள்

காலையில் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டி மூன்று வண்டிகள் போகும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனி வேன், தாயில்பட்டிப் பக்கம் இன்னொரு கம்பெனி வேன். மூன்றாவது, ஊரில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை சிவகாசிக்கு அள்ளிக்கொண்டு போகும் இங்கிலீஷ் மீடியம் பஸ். அந்த பஸ்ஸில் ஏற வழியில்லாத பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். அவர்களைப் பெற்றவர்கள் முதல் இரண்டு வேன்களில் பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

நான் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம் அது. இரண்டு டீச்சர்கள், ஐந்து வகுப்புகள். மாதாந்திரக் கூட்டத்தில் ஒன்றியத்துப் பள்ளிகளையெல்லாம் திரையில் வரிசைப்படுத்திக் காட்டுவார்கள். கடைசியில் சிவப்பாக நிற்பது எங்களுடையது. பிள்ளைகளின் வீட்டு நிலைமையைச் சொல்ல ஒருமுறை வாயைத் திறந்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டு நானும் சிரித்து வைத்தேன். என் வீடு இருக்கும் காரியாபட்டியில் இறங்கும்வரை பஸ்ஸில் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்தச் சிவப்பிலிருந்து எங்களைக் கொஞ்சமாவது மேலே தூக்கக்கூடியவள் என்று நான் நம்பியது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை. அவள் பாடம் வாசித்தால் மூலையில் அடித்துக்கொண்டிருக்கும் பயல்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் வாரத்தில் பாதி நாள் வரமாட்டாள். வீட்டில் கைக்குழந்தைத் தம்பி. அங்கன்வாடியில் சேர்க்க அவனுக்கு வயது பத்தவில்லை. அப்பா ஒரு வேனிலும் அம்மா மற்றொரு வேனிலும் ஏறிவிட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள அவளைத் தவிர ஆள் இல்லை. இப்படியே போனால் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது.

விசாரித்ததில் அப்பா வேலை பார்க்கும் கம்பெனியில், அங்கே வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி அறையும் ஆயாவும் உண்டு என்று தெரிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் வேனிலிருந்து இறங்கியிருந்தாள். அலுமினியப் பவுடர் ஏறிக் கையெல்லாம் சாம்பல் நிறம்.

"நீங்களும் அவர் போற கம்பெனிக்கே மாறிடுங்க. தம்பியைக் கையோட கூட்டிட்டுப் போயிரலாம். இவ தினமும் பள்ளிக்கூடம் வருவா" என்றேன்.

"அது சரிப்படாது டீச்சர்."

"ஏன்?"

"அந்த வேன்ல போனா எனக்குத் தலை சுத்தும்."

பொய் என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க சௌகரியத்துக்குப் பிள்ளை படிப்பைக் கெடுக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் அந்த எரிச்சலோடு வகுப்பில் கேட்டேன்: "அப்பாவும் அம்மாவும் ஒரே கம்பெனிக்குப் போறவங்க கை தூக்குங்க." ஊரில் பத்துக் குடும்பமாவது அப்படி இருக்கும், அதை அந்த அம்மாவிடம் சொல்லிக் காட்டலாம் என்று கணக்கு.

ஒரே ஒரு கை எழுந்தது. மூன்றாம் வகுப்பில், சித்தி வீட்டில் வளரும் பிள்ளை. பக்கத்தில் இருந்தவள் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினாள்.

"அவளுக்கு அப்பா அம்மா இல்லையே டீச்சர். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல வேலை பாத்தாக."

பெற்றவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒன்றாகப் போனார்கள் என்று தெரியாது. என் நாலாம் வகுப்புக்காரி எழுந்து, வாய்ப்பாடு சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"இப்பல்லாம் எங்க ஊர்ல ரெண்டு பேரும் ஒரே கம்பெனிக்குப் போக மாட்டாக டீச்சர். வெடிச்சிருச்சுன்னா பிள்ளைகளுக்கு ஒருத்தராச்சும் இருக்கணும்ல."

அன்று பாடம் நடத்தவில்லை. படம் வரையச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன். அந்த அம்மாவின் முகத்தை நினைத்தால் உடம்பு கூசியது. அந்த வேனில் நான் தம்பியையும் சேர்த்தல்லவா ஏற்றப் பார்த்தேன்.

மதியம் அவளிடம் சொன்னேன்: "நாளையிலிருந்து தம்பியைத் தூக்கிட்டு வா."

வந்தாள், தினமும். அவன் சாக்பீஸைத் தின்பான், மூத்திரம் பெய்வான், பாய்விரிப்பில் குப்புறப் படுத்துத் தூங்குவான். "ஏலே, சும்மா இருலே" என்று அவள் ஒரு கையால் அவனைத் தட்டிக்கொண்டே மறு கையால் கணக்குப் போடுவாள். சீக்கிரமே ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அந்தக் கூட்டத்துக்கு ஒருநாள் நிமிர்ந்து போவேன் என்று ஆசைப்பட்டேன்.

மதிப்பீட்டுத் தேர்வு அன்று அதிகாரி நேரில் வந்தார். தம்பி விடாமல் அழுதான். அவனை இடுப்பில் வைத்து ஆட்டிக்கொண்டே எழுதியதில் அவளால் பாதிக்கு மேல் எழுத முடியவில்லை.

"இது பள்ளிக்கூடமா, பிள்ளை வளர்க்குற எடமா?" என்றார் அதிகாரி.

காரணத்தைச் சொன்னேன், அப்பா கம்பெனியில் குழந்தைகளுக்கு அறை இருப்பதையும். "அப்போ ரெண்டு பேரையும் ஒரே கம்பெனிக்குப் போகச் சொல்லலாமே" என்றார். நான் சொன்ன அதே யோசனை. அந்த இறங்கிய கையைப் பற்றியும் சொன்னேன். கையிலிருந்த பைலை மூடினார். பிறகு, "அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அடுத்த தடவை குழந்தை இங்கே இருந்தா உங்களுக்கு மெமோதான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

"அவர் கிடக்கார். நாளைக்கும் தூக்கிட்டு வா" என்றேன் அவளிடம். தலையாட்டினாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போனேன். தம்பியைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வரச் சொன்னேனே, ஏன் வரலை? அம்மா வைதாங்களா?"

"இல்ல டீச்சர். நான் வந்தா உங்களை வேலையை விட்டுத் தூக்கிருவாகல்ல."

"அதை நான் பாத்துக்கிறேன். நீ கெளம்பு."

அவள் அசையவில்லை. நான் பாடத்தில் எதையோ விட்டுவிட்டதுபோல, பொறுமையாக எனக்கு எடுத்துச் சொன்னாள்:

"மத்த பிள்ளைகளுக்கு நீங்களாச்சும் இருக்கணும்ல டீச்சர்."