பங்க்கில் விட்டுப்போன அம்மா

என் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வேலை விழுப்புரத்தில், வீடு திண்டிவனத்தில். காலையில் எனக்குத் தலை பின்னி, அப்பாவுக்குச் சோறு கட்டி, நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு ரயிலுக்கு ஓடுவாள். ஒருநாள் காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு போய், மாலைவரை மேசைக்கடியில் கால்களை ஒளித்து வைத்திருந்தாளாம். திரும்பும் பாசஞ்சரிலும் சும்மா வரமாட்டாள். விக்கிரவாண்டி வருவதற்குள் அவரைக்காய்க்கு நார் உரித்து முடித்திருப்பாள்.

ஸ்டேஷனிலிருந்து அவளை அழைத்துவர அப்பா மொபெட்டில் போவார். நான் முன்னால் நின்றுகொள்வேன். பின்னால் ஏறியதுமே அம்மா வீட்டு வேலைகளை ஒப்பிக்கத் தொடங்குவாள். அப்பா எல்லாவற்றுக்கும் "ம்" என்பார். நான் எது சொன்னாலும் அதே "ம்" தான்.

அன்றைக்கு அப்பாவின் அக்கா, கண்டமங்கலத்து அத்தை, குடும்பத்தோடு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா போய்த்தான் உலை வைக்க வேண்டும். அந்த அவசரத்தில் மொபெட்டில் பெட்ரோலும் தீரும் நிலையில் இருந்தது.

பங்க்கில் பின்னால் இருப்பவர்கள் இறங்கி, வெளியே போகும் வழியில் நின்று ஏறிக்கொள்வதுதானே வழக்கம். அம்மா கைப்பையை ஹேண்டில்பாரில் மாட்டினாள். காய்கறிப் பையைப் பின்சீட்டில் அப்பாவின் முதுகோடு நெருக்கி வைத்துவிட்டு நடந்தாள். பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்த அப்பா, வழியில் லேசாக வேகத்தைக் குறைத்தார்.

"ஏறிக்கினியா?"

பை அவர் முதுகில் இடித்தது. கிளம்பிவிட்டார்.

"அப்பா, அம்மா..." என்றேன்.

"ம்" என்றார்.

வழியெல்லாம் அப்பாவே பேசிக்கொண்டு வந்தார். பதில் வராததால் அம்மாவுக்குக் கோபம் என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. "சரி, கோச்சுக்காத. அக்கா சொல்லாம கொள்ளாம வந்தா நான் இன்னா பண்றது? வெங்காயம் வேணா நான் அரிஞ்சு தர்றேன்" என்று காய்கறிப் பைக்கு வாக்குக் கொடுத்தார். நான் மறுபடியும் "அம்மா" என்றேன். அதற்கும் ஒரு "ம்" கிடைத்தது.

வாசலில் நின்றிருந்த அத்தைதான் முதலில் பார்த்தார். "எங்கடா உம் பொண்டாட்டி?"

அப்பா திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் செல்லுக்குப் போன் போட்டார். அது ஹேண்டில்பாரில் தொங்கிய கைப்பைக்குள் அடித்தது.

நாங்கள் திரும்பிப் பறந்தோம். வழி நெடுக அப்பா, "பேஜாரா பூடுச்சே, அழுதுக்கினு நிப்பாளே" என்று புலம்பினார். பாவமாக இருந்தது.

அம்மா நிற்கவில்லை, அழவுமில்லை. பங்க்கை ஒட்டி ஒரு தள்ளுவண்டி. அதன் பக்கத்திலிருந்த பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை, அவித்தது, ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றி விட்டிருந்தாள்.

"வூட்டுக்காரரு வந்து காசு குடுப்பாருன்னு வாங்கினேன்" என்றாள்.

"ஜல்தி ஏறு. அக்கா காத்துக்கினு இருக்குது."

"இருங்க, இன்னும் கொஞ்சம் இருக்குது."

அப்பா காசைக் கொடுத்தார். பொட்டலம் காலியாகும்வரை காத்திருந்தார். பிறகுதான் கேட்டார், "ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"தொண்ட கிழிய கூப்ட்டேங்க. உங்க காதுல வுழுந்தாத்தானே."

அப்பா நம்பிவிட்டார். அன்று மாலை அத்தை கண்ணெதிரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெங்காயமும் அரிந்தார். வாக்குக் கொடுத்ததை அம்மாவிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

ஆனால் மொபெட்டின் கண்ணாடி என் முகத்துக்கு நேரே இருந்தது. நாங்கள் தாண்டிப் போனதும் அம்மா கையைத் தூக்கியதைப் பார்த்தேன். வாயைத் திறந்தாள். பிறகு கையை மெல்ல இறக்கிக்கொண்டு தள்ளுவண்டிப் பக்கம் திரும்பினாள். கூப்பிடவே இல்லை.

அம்மாவுக்கு எங்களைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று எனக்கு ஒரே பயம். சில நாள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அலைந்தேன்.

இப்போது எனக்கும் விழுப்புரத்தில்தான் வேலை. இரண்டு பிள்ளைகள். கார் வைத்திருக்கிறோம், பங்க்கில் யாரும் இறங்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் இறங்கி, வெளியே போகும் வழியில் போய் நிற்கிறேன். என் கணவர் இதுவரை ஒரு தடவைகூட மறந்ததில்லை.