தாடையில் நாலு தையல்

எங்கள் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவரை எல்லோரும் ‘சிமிட்டாதே’ என்றுதான் சொல்வோம். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதை மழை மட்டும்தான் படித்தது. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மோவாயை இரண்டு விரலால் இத்தனூண்டு தூக்கி, இரண்டடி பின்னால் போய் நின்று, “சிமிட்டாதே” என்பார். யாரும் சிமிட்டமாட்டார்கள். கடைக்கு எதிரே ஒரு தெருவிளக்கு வருஷக்கணக்காய்க் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் கடைக் கதவு திறந்திருந்தபோது அவர் குரல் அதன் காதிலும் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அது நிலையாக எரிகிறது. சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள், இன்னமும் எரிகிறது.

படம் எடுப்பதை அவர் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. எடுத்தபின் துடைப்பதுதான் வேலை. அந்தக் காலத்தில் மெல்லிய தூரிகை, பென்சில். பிறகு கம்ப்யூட்டர், மவுஸ். கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, நெற்றிக் கோடு, மூக்கோரத்துப் பரு, எல்லாம் அவர் கைபட்டால் காணாமல் போகும். ஒரு கணக்கு வாத்தியாருக்குக் காதை ஒரு சுற்று சின்னதாக்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் பின்வரிசைப் பிள்ளைகள் பேசுவது வாத்தியார் காதில் விழுவதே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. கிளப்பிவிட்டது நான்தான். கடைவாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருந்த முகங்கள் எல்லாம், மத்தியானம் நன்றாகத் தூங்கி அப்போதுதான் எழுந்த மாதிரி, ஒரே வயதில் இருந்தன.

அவர் மனைவி தபாலாபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். முத்திரையக்கா என்போம். உலகத்தில் உள்ள ஊர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பிவைத்தவள், தான் மட்டும் எங்கும் போனதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு எடுத்த பாஸ்போர்ட், ஒரு முத்திரைகூட வாங்காமல், பீரோவில் போர்வை மடிப்புக்குள் படுத்துக் கனவு கண்டுகொண்டிருந்தது.

அவளுக்கு ஒரே அக்கா. தங்கையின் கல்யாணத்துக்கு முன்பே கப்பல் ஏறி வெளிதேசம் போனவள். விமானம் என்றால் நடுக்கம். திரும்பி வந்தால் கப்பலில்தான் வருவேன் என்று பிடிவாதம். கப்பல்காரர்கள் சேவையை நிறுத்திவிட்டார்கள். அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். நாற்பது வருஷமாய் இங்கிருந்து போட்டோ போகும், அங்கிருந்து குரல் வரும். வீடியோவில் பேசினால் அக்கா தன் காதைக் காட்டுவாள், தங்கை மின்விசிறியைக் காட்டுவாள்.

இப்போது அக்காவின் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியும், இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திரும்பி வந்துவிட்டாள்.

“நீ வாடி. கட்டைப் பிரிக்கறப்ப முதல்ல உன் மூஞ்சியைத்தான் பாக்கணும். நீ வரலேன்னா நான் இப்படியே இருந்துக்கறேன்.”

முத்திரையக்கா அன்றே டிக்கெட் போடப் போனாள். டிக்கெட் கடைப் பெண் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “இதுல நாலு மாசந்தான் பாக்கி இருக்கும்மா. ஆறு மாசம் இருந்தாத்தான் விமானத்துல ஏத்துவாங்க. முதல்ல புதுப்பிச்சுட்டு வாங்க.” ஆபரேஷனுக்கு நாலு வாரம் இருந்தது. புதுப்பிக்க இரண்டு வாரம். ஆபீசில் முறை கிடைக்க ஒரு வாரம்.

“படத்துக்கு மட்டும் கவலையில்ல,” என்றார் சிமிட்டாதே, மார்பைத் தட்டி. “வீட்டுலயே ஆள் இருக்கு.”

பாஸ்போர்ட் ஆபீஸ் ஒரு நீளமான தூக்கம் மாதிரி இருந்தது. வெளுத்த விளக்கு, வரிசையாய் நாற்காலி, எங்கிருந்தோ ஒரு பெண்குரல் எண்களை மட்டும் சொல்லிக்கொண்டே போயிற்று. இவர்கள் எண் வந்தபோது கூண்டுக்குப் பின்னாலிருந்த அதிகாரி அம்மா படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

“இது யாரு?”

“நான்தான்.”

“உங்க பொண்ணு படத்தை மாத்திக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

சிமிட்டாதே பூரித்துப்போனார். “ரொம்ப நன்றி மேடம்.”

“நான் பாராட்டலை சார்,” என்றாள் அதிகாரி. விண்ணப்பத்தில் பேனாவை வைத்தாள். “அங்க அடையாளம்னு ‘தாடையில் தழும்பு’ன்னு எழுதியிருக்காங்க. அவங்க முகத்துலயும் இருக்கு. படத்துல எங்க?”

முத்திரையக்கா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் மேலே ஓடிய மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“மூணு நாளைக்குள்ள, இருக்கற முகத்தை இருக்கற மாதிரி எடுத்துட்டு வாங்க. தவறினா விண்ணப்பம் ரத்து. அடுத்த முறை ஒரு மாசம் கழிச்சுத்தான்.”

ஒரு மாசம் கழித்தென்றால் அக்கா மூன்றாம் தடவையும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திரும்பிவிடுவாள்.

மறுநாள் பிற்பகல் ஸ்டூடியோவில் உட்கார்ந்தாள். பின்னால் வெள்ளைத் திரை, இரண்டு பக்கமும் வெள்ளைக் குடை, ஜன்னலில் வெள்ளைத் துணி. மேகத்துக்குள் யாரோ நாற்காலி போட்டு உட்காரவைத்த மாதிரி இருந்தது. அவர் மோவாயைத் தூக்கவில்லை. “சிமிட்டாதே” என்பதைக்கூடச் சத்தமில்லாமல் சொன்னார். படம் எடுத்தாயிற்று. பிரிண்ட் போடுகிறேன் என்று உள்ளே போனவர் நாலு மணியாகியும் வரவில்லை. இவள் எட்டிப் பார்த்தாள். திரையில் அவள் முகம். தழும்பு இருந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, அதுவும் கரைந்துகொண்டிருந்தது.

“என்னங்க இது?”

“நான் தொடலை.”

“அப்போ அதுவா எந்திரிச்சுப் போயிடுச்சா?”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். “கை கேக்க மாட்டேங்குதும்மா. பழகிப்போச்சு.”

தழும்பின் கதை இதுதான். கல்யாணமாகி இரண்டாம் மாசம் அவள் ஸ்டூடியோவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தபடி பின்னால் நகர்ந்தார். முதுகு இடித்து விளக்குத் தாங்கி சாய்ந்தது. அது அவள் தாடையில்தான் இறங்கியது. நாலு தையல். அதற்கு முந்தின வாரம்தான் அக்காவிடமிருந்து புது மாப்பிள்ளைக்குக் கடிதம் வந்திருந்தது: “என் தங்கை மேல் ஒரு கீறல் விழுந்தது தெரிந்தால், அடுத்த கப்பலிலேயே வந்து இறங்குவேன்.” கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

அன்று முதல் அவர் கனவில் கப்பல் ஊதியது. கடலே இல்லாத எங்கள் ஊருக்குள், தெருவில் தண்ணீரில்லாமல், வீட்டுக் கூரைகளுக்கு மேலே புகைபோக்கி தெரிய, ஒரு கப்பல் மெல்ல வந்து ஸ்டூடியோ வாசலில் நிற்கும். மேல்தளத்தில் அக்கா. அக்காவுக்கு அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் அவர் அந்தத் தழும்பைத் துடைத்தார். அனுப்பாத படங்களிலும் துடைத்தார். முதல் பாஸ்போர்ட்டின் விண்ணப்பத்தையும் தானே எழுதி, அடையாளம் என்ற இடத்தில் ‘ஏதுமில்லை’ என்று போட்டிருந்தார். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லவில்லை. துடைப்பதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு.

இதையெல்லாம் அன்றுதான் சொன்னார், திரையைப் பார்த்தபடி.

முத்திரையக்கா கேட்டுவிட்டுச் சிரித்தாள். “எனக்கு வலிச்சது ஒரு வாரம். உங்களுக்கு நாப்பது வருஷமாவா? கப்பலே நின்னுபோச்சுங்க.”

“இப்ப நீயே அந்தத் தழும்போட நேர்ல போறியே!”

“போகத்தான் போறேன். நகருங்க.”

அவரை நாற்காலியோடு தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். துடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாய் மீட்டாள். முதலில் கண்ணோரச் சுருக்கம் வந்தது, பிறகு நெற்றிக் கோடு, கடைசியில் தழும்பு, ஊருக்குப் போயிருந்தவர்கள் வீடு திரும்புவதுபோல. அவர் கை தானாக நீண்டது. அவள் அதன்மேல் தன் இடக்கையை வைத்து அழுத்திக்கொண்டு, வலக்கையால், முப்பது வருஷம் முத்திரை குத்திய வேகத்தில், ‘பிரிண்ட்’ பொத்தானை ஓங்கித் தட்டினாள். எட்டுப் படங்கள் வந்து விழுந்தன.

அதிகாரி அம்மா பார்த்தாள். தழும்பைப் பார்த்தாள். “இப்பத்தான் நீங்க,” என்று இரண்டு படத்தை எடுத்துக்கொண்டு ஆறைத் திருப்பிக் கொடுத்தாள். பழைய விண்ணப்பத்தில் இருந்த ‘ஏதுமில்லை’க்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டாள். சிமிட்டாதே அங்கேயே நின்று எழுதினார். எப்படி விழுந்தது, யார் இடித்தது என்று இரண்டு பக்கம். “இவ்வளவு வேண்டாம் சார்,” என்றாள் அதிகாரி. ஆனாலும் முழுக்கப் படித்தாள்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பாஸ்போர்ட் வந்தது. கொண்டுவந்த தபால்காரர் பழைய சிநேகிதர். விமான நிலையத்தில் அந்தப் புத்தகத்தின் முதல் முத்திரை விழுந்த சத்தத்தை அவள் கண்ணை மூடி ரசித்தாளாம். கொஞ்சம் சாய்வாகக் குத்திவிட்டான் என்று குறையும் சொன்னாள்.

நாலாம் நாள் பிற்பகல் ஸ்டூடியோவில் போன் அடித்தது. நான் அங்கே தற்செயலாகத்தான் இருந்தேன். அன்று காலையிலிருந்தே தற்செயலாக இருந்தேன்.

“மாப்பிள்ளை!” வெளியே வரை கேட்டது அக்காவின் குரல். “கட்டைப் பிரிச்சாச்சு. பளிச்சுன்னு தெரியுது. அவ தாடையும் தெரியுது.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். “அக்கா... அது வந்து...”

“பேசாதீங்க. எல்லாம் சொல்லிட்டா. கப்பல் நின்ன தைரியமா உங்களுக்கு?”

“இல்லக்கா.”

“நாப்பது வருஷமா யாரோ ஒரு வழவழப்பான பொம்பளையைச் சுவர்ல மாட்டி, தங்கச்சின்னு பேசிட்டு இருந்திருக்கேன். அத்தனையும் கழட்டிட்டேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுல மிச்சம் இருக்காமே, அனுப்புங்க.”

“எத்தனைக்கா?”

“எத்தனை இருக்கோ அத்தனையும்.”

ஐந்தைத்தான் அனுப்பினார். ஆறாவதைக் கண்ணாடிப் பெட்டியின் நடுவில் மாட்டினார். ஒரே வாரத்தில் சுற்றியிருந்த முகங்களுக்கெல்லாம் லேசாகக் கோடு விழ ஆரம்பித்துவிட்டது. கணக்கு வாத்தியாரின் காதுகூடப் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

போனை வைத்த அன்று மாலை எங்கள் தெருவுக்குள் ஒரு கப்பல் ஊதியது. ஒரே தரம், நீளமாக. ஸ்டூடியோ வாசலில் நிற்காமல் அப்படியே கடந்து போயிற்று. சிமிட்டாதே படியில் நின்று, அது போன திசையைப் பார்த்து இரண்டு கண்ணையும் நன்றாகச் சிமிட்டினார்.